திரைப்படச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதாந்திரத் திரையிடல்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதி ஒரே படத்தைப் பற்றியது. சில விழாக்களில் ஓடி, விநியோகஸ்தர் கிடைக்காமல் முடங்கிய அந்தச் சுயாதீனப் படத்தைத் திரைக்குக் கொண்டுவரச் சென்ற பொதுக்குழு தீர்மானித்திருந்தது.

படத்தை முடக்கியது அதன் நான்கு வரி வசனத்தால் எழுந்த சர்ச்சைதான் என்றே பேச்சு. கோப்பைப் புரட்டியதும் இன்னொரு சிக்கல் தெரிந்தது. படத்தில் வரும் ஒரு பாடலுக்கு விழா உரிமை மட்டுமே வாங்கியிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு கட்டணக் காட்சி போட முடியாது. சர்ச்சைக்குப் பயப்படும் விநியோகஸ்தரிடமாவது பேசிப் பார்க்கலாம். உரிமைப் பத்திரத்தில் ஓட்டை உள்ள படத்தை எவரும் தொடமாட்டார். பாடலை மாற்றுவதென்றால் வசனம், இசை, சிறப்பொலி மூன்றும் தனித்தனித் தடங்களாகக் கையில் இருக்க வேண்டும். கலந்து முடித்த ஒலி மட்டும் இருந்தால், பாடலை எடுக்கும்போது அதன்மேல் வரும் வசனமும் சேர்ந்து போய்விடும். நல்லவேளை, தடங்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அந்தக் காட்சிக்குப் புது இசை சேர்ந்தது.

முதல் காட்சியை உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வைத்தோம். இது பழைய வழி. பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் 1926-இல் மறுத்த ‘பாட்டில்ஷிப் பொட்டெம்கின்’ படத்தை லண்டன் பிலிம் சொசைட்டி 1929-இல் இப்படித்தான் காட்டியது. நியூயார்க்கில் 1947-இல் தொடங்கிய சினிமா 16-உம் உறுப்பினர் சங்கமாக மாறித்தான் தணிக்கையைத் தாண்டியது. ஆனால் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும், இதைக் கேடயமாக நம்பிவிடக் கூடாது. வாசலில் ஒரு டிக்கெட் விற்றாலும் அது பொதுக்காட்சி ஆகிவிடக்கூடும். அதனால் உறுப்பினர் பட்டியலை முன்கூட்டியே மூடிவிட்டோம். கடைசி நேரத்தில் வந்து திரும்பியவர்களுக்கு வருத்தம்தான்.

இனி, நம்மை அதிகம் அலைக்கழித்த டிசிபி, அதாவது திரையரங்கில் ஓட்டுவதற்கான படத்தின் டிஜிட்டல் கோப்புத் தொகுப்பு. சங்கங்கள் பொதுவாகச் சறுக்கும் இடம் இதுதான். சாதாரண 2கே டிசிபியில் படத்தின் தரவு வேகம் நொடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம். மணிக்கு ஏறத்தாழ 112 ஜிபி. அதை யுஎஸ்பி 2 வழியாக, அரங்கில் படத்தை ஓட்டும் சர்வரில் ஏற்றினால், படம் ஓடும் நேரம் அளவுக்கே ஆகும். காட்சிக்கு அரைமணி முன்னால் டிரைவைத் தூக்கிக்கொண்டு போனால் கதை முடிந்தது. டிரைவை எக்ஸ்ட்3 என்ற லினக்ஸ் கோப்பு வடிவில் தயாரிப்பது நல்லது. சாதாரணக் கணினிகளுக்கான எக்ஸ்ஃபேட் வடிவ டிரைவைப் பழைய சர்வர்கள் கண்டுகொள்ளவே மாட்டா.

பூட்டிய டிசிபியைத் திறக்கக் கேடிஎம் என்ற டிஜிட்டல் சாவி தேவை. அது ஒரு குறிப்பிட்ட சர்வரின் சான்றிதழுக்கு மட்டுமே திறக்கும். அரங்கம் நடுவில் சர்வரை மாற்றினால் பழைய சாவி செல்லாது. நேரத்தையும் பாருங்கள், சாவி குறித்த நேரத்துக்குள் மட்டுமே திறக்கும்: அதைக் கேட்கும்போது உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா என்று எழுதாவிட்டால், காட்சி நேரத்தில் அது இன்னும் பூட்டியபடியே இருக்கலாம். திரையின் அடியில் வரும் வசன வரியில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திப் புதுப் பதிப்பு போட்டாலும் சிபிஎல் எண், அதாவது அந்தப் பதிப்பின் அடையாள எண், மாறிவிடும், சாவியும் புதிதாக வேண்டும். நமக்கு நேர்ந்தது இதுவே. முந்தைய நாள் மாலை முழுநீளச் சோதனை ஓட்டம் வைத்திருந்ததால் புதுச் சாவி வாங்க ஓர் இரவு கிடைத்தது.

அந்தச் சோதனையில் வசனம் முணுமுணுப்பாகக் கேட்டது. படத்தின் ஒலிக்கலவையில் பிழையில்லை. டிரெய்லர்களின் இரைச்சலுக்காக அரங்கில் ஒலியளவுக் குமிழை 4.5-இல் வைத்திருந்தார்கள், கலவை செய்யப்பட்டதோ நிலையான அளவாகிய 7-க்கு. 6-க்கு ஏற்றியதும் தாயும் மகளும் சமையலறையில் பேசும் காட்சி தெளிந்தது. சர்ச்சையே அந்த நான்கு வரி வசனத்தைப் பற்றித்தான். அது கேட்காமல் போயிருந்தால் விவாதத்துக்கே அர்த்தமில்லை.

விவாதத்தில் கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கினோம். படத்தை எதிர்ப்பவர்களின் சீட்டுகளே முதலில் வாசிக்கப்பட்டன. ஒலிவாங்கியைக் கூட்டத்தில் சுற்றவிட்டிருந்தால் உரத்த குரல் ஒன்றிரண்டு நேரத்தை விழுங்கியிருக்கும். இயக்குநர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், சிலவற்றுக்கு ஒரே வரியில்.

படத்துக்கு இன்னும் விநியோகஸ்தர் அமையவில்லை. புதுக்கிய உரிமைப் பத்திரம், சோதித்த டிசிபி, ஒலியளவுக் குறிப்பு மூன்றையும் ஒரே உறையில் தயாரிப்பாளரிடம் ஒப்படைத்திருக்கிறோம். கேட்கும் பிற சங்கங்களுக்கு அவர் நேரடியாக அனுப்புவார். நமக்கென யுஎஸ்பி 3 வசதியுள்ள டிரைவ் பெட்டி ஒன்று வாங்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்