காலைத் தூக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய காணொளியை நான்கு முறை பார்த்தேன். முதல் இரண்டு முறை பெற்றவனின் பெருமையோடு பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது முறைதான் குதிரைக்காரனாகப் பார்த்தேன். உன் இரண்டு வயதுக் குட்டி, நீ குச்சியின் நுனியால் தொட்டவுடன் முன்னங்காலை மடக்கி உயர்த்துகிறது. நீ ‘சபாஷ்’ என்று சொல்லி ஒரு கேரட் துண்டைக் கொடுக்கிறாய். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு படம் எடுத்துக்கொண்டிருந்த தோழியின் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்குகிறாய். அப்போது குட்டி தானாகவே ஒருமுறை காலைத் தூக்கித் தரையைப் பிறாண்டுகிறது; நீ கவனிக்கவில்லை. இரண்டாம் முறை இன்னும் உயரத் தூக்கித் தரையில் ஓங்கி அறைகிறது. நீ திரும்பிப் பார்த்துச் சிரித்து, கையில் மீதமிருந்த துண்டையும் கொடுத்துவிடுகிறாய். யாரும் கேட்காதபோதும் காலைத் தூக்கலாம், கண்டுகொள்ளாவிட்டால் இன்னும் பலமாகத் தூக்க வேண்டும் என்ற பாடத்தை அந்த ஐந்து நொடிக்குள் அதற்கு நீ சொல்லிக்கொடுத்துவிட்டாய். முதலில் கொடுத்த பாடத்தைவிட இது ஆழமாகப் பதிந்திருக்கும்.

அடுத்து முன்னங்கால்களை மடக்கி வணங்கப் பழக்குவது எப்படி என்று கேட்டிருக்கிறாய். அதற்கு இப்போதைக்கு நான் பதில் எழுதப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதே. நான் ஏன் தயங்குகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு உன் வயது இருக்கும்போது ஒரு பெட்டைக் குட்டிக்குக் காலைத் தூக்கும் இதே வித்தையைக் கற்றுக்கொடுத்தேன். சூட்டிகையான குட்டி, மூன்றே நாளில் பிடித்துக்கொண்டது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் கை கொடுக்கச் சொல்லிக் காட்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், தீவன வாளியோடு அதன் எதிரே நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தேன். வாளி தாமதமாகிறது என்று அது கேட்டது. தனக்குத் தெரிந்த முறையில், முன்னங்காலை நீட்டிக் கேட்டது. குளம்பு என் முழங்காலுக்குச் சற்றுக் கீழே பட்டது. எலும்பு முறியவில்லை என்றாலும் மூன்று வாரம் நொண்டினேன். அன்று அதை அடித்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைச் செய்ததற்காக நானே அடித்தேன். அதற்குப் பிறகு பல நாள்வரை நான் கையை உயர்த்தினாலே அது தலையைப் பின்னுக்கு இழுத்தது. முழங்கால் ஆறிய பிறகும் அது ஆறவில்லை.

ஆகவே வித்தையைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்துவிட்டு, மேலே ஏறாமல் பக்கத்தில் நின்று பழக்கும் தரைப்பயிற்சிக்குத் திரும்பு. நாளைக் காலையில் பின்னோக்கி நடக்கவைப்பதை மட்டும் செய்து பார். குட்டியின் முகத்துக்கு நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கமாக நில். தாடைக்குக் கீழே ஒரு சாண் இறக்கத்தில் கயிற்றை இரண்டு விரலால் பிடித்து, அதன் மார்பை நோக்கி மெதுவாக அழுத்து. ஒரு கதவு பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பார்க்கும் அளவு பலம் போதும். குட்டி முதலில் தலையைத் தூக்கும். பிறகு உன் கைக்கு எதிராகவே சாயும், ஏனென்றால் அழுத்தினால் எதிர்த்து அழுத்துவதுதான் பழகாத குதிரையின் இயல்பு. நீ பலத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதன் முகத்தைப் பார்க்காமல் முன்னங்கால்களைப் பார். குளம்பு நகர்வதற்கு முன்பே நெஞ்சுப்பகுதி ஒரு விரல் அளவு பின்னால் சாய்ந்து, உடலின் பாரம் பின்னங்கால்களுக்குப் போவது தெரியும். அந்தக் கணத்தில் விரலை விட்டுவிடு. கயிறு முழுவதுமாகத் தொங்க வேண்டும். குட்டி ஒருமுறை கண் சிமிட்டி, ஒருவேளை பெருமூச்சு விடும். அது வரை நீயும் காத்திரு. அதற்குள் அடுத்ததைக் கேட்காதே.

அழுத்தம் குதிரையைத் தொந்தரவு செய்கிறது, யோசிக்கவைக்கிறது, அவ்வளவுதான். எது சரி என்பதை அது தெரிந்துகொள்வது அழுத்தம் நிற்கும் நொடியில்தான், அந்த நொடிக்குச் சற்று முன்பு தன் உடல் என்ன செய்துகொண்டிருந்தது என்பதிலிருந்துதான். ஒரு நொடி தாமதித்து விட்டாலும் பாடம் மாறிவிடும். கை வலிக்கிறது என்று அது தலையை உதறும்போது நீ விட்டுவிட்டால், தலையை உதறினால் விடுதலை என்றுதான் அது எழுதி வைத்துக்கொள்ளும். முரட்டுக் குதிரை என்று பெயரெடுத்த பல குதிரைகளை நான் கையாண்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை தவறான நொடியில் விடப்பட்ட நல்ல மாணவர்கள்.

முதல் நாள் பாரம் சாய்ந்ததற்கு விட்டவள், மறுநாள் அரை அடிக்கு விடு, பிறகு ஓரடிக்கு. ஒவ்வொரு முறையும் கேட்கும் வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் உன் உடல் நிமிர்ந்து அதை நோக்கிச் சற்றே சாய வேண்டும், பிறகு கை உயர வேண்டும், கடைசியில்தான் கயிறு. இந்த வரிசை மாறாமலிருந்தால், கயிறு வரப்போகிறது என்பதைக் குட்டி உன் தோளைப் பார்த்தே முன்கூட்டித் தெரிந்துகொண்டு, கயிறு வருவதற்கு முன்பே பின்வாங்கத் தொடங்கும். சைகை என்பது இப்படித்தான் பிறக்கிறது. இடப்பக்கம் நின்று கற்றுக்கொடுத்ததை வலப்பக்கம் நின்று மறுபடியும் முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். அது மறந்துவிட்டது என்றோ அடம் பிடிக்கிறது என்றோ நினைத்துவிடாதே.

உடல் பேசும் பேச்சைக் குதிரை எவ்வளவு நுணுக்கமாகக் கேட்கும் என்பதற்கு, பெர்லினில் இருந்த ஹான்ஸ் என்ற குதிரையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அதன் உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். கணக்குக் கேட்டால் ஹான்ஸ் முன்னங்காலால் தரையைத் தட்டி விடை சொல்லும். 1904-இல் ஒரு குழு வந்து பார்த்து, ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. அதன் பிறகு ஓஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாகச் சோதித்து, 1907-இல் தன் முடிவுகளை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், அவரைப் பார்க்க முடியாதபடி கண்ணுக்கு மறைப்புக் கட்டியபோதும் ஹான்ஸ் திணறியது. விடை தெரிந்தவர் குளம்பைப் பார்க்க இலேசாகக் குனிவார். தட்டல் சரியான எண்ணை எட்டியதும் தன்னை அறியாமல் தலையைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நிமிர்த்துவார். ஹான்ஸ் படித்தது அதைத்தான். ஃபான் ஓஸ்டன் ஏமாற்றவில்லை. தான் சைகை கொடுப்பது அவருக்கே தெரியாது. உன் காணொளியிலும் குச்சி காலைத் தொடுவதற்கு முன்பே உன் இடது தோள் தாழ்கிறது. குட்டி தோளைப் பார்த்துத்தான் காலைத் தூக்குகிறது. வாளியைக் கீழே வைக்கும்போதும் உன் தோள் அப்படியே தாழும் என்பதை நினைத்துப் பார்.

பாதுகாப்பைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்யப்போவதில்லை. கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதே, மடித்துப் பிடி. குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறக்குறைய தன்னைச் சுற்றிலும் அதற்குத் தெரியும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே சிறிது தூரமும் வாலுக்கு நேர் பின்னேயும் தெரியாது. நீ ஆசையாக நெற்றியைத் தடவ நேராகக் கை நீட்டும்போது, திடீரென்று எங்கிருந்தோ முளைக்கும் கையாகத்தான் அதற்குத் தோன்றும். கழுத்தின் பக்கமாகத் தொடங்கித் தடவிக்கொண்டே மேலே போ.

பாராட்டும் ஓசை பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நடக்கச் சொல்லும்போது நாக்கைச் சொடுக்குகிறாய். நன்றாகச் செய்தால், ‘சபாஷ்’ சொல்லாத நேரங்களில், பாராட்டவும் அதே போலச் சொடுக்குகிறாய். ஒரே ஓசை ‘கிளம்பு’ என்றும் ‘போதும், சரி’ என்றும் பொருள்பட்டால் குட்டி என்ன செய்யும்? சொடுக்கலைக் கிளம்புவதற்கு மட்டும் வைத்துக்கொள். பாராட்டுக்கு, அன்றாடப் பேச்சில் நீ பயன்படுத்தாத ஒரு குறுஞ்சொல்லைத் தேர்ந்தெடுத்து, சரியான அசைவு நடக்கும் அதே நொடியில் சொல்லிவிட்டுப் பிறகு பரிசைக் கொடு. பரிசு எப்போதும் கேரட்டாக இருக்க வேண்டியதில்லை. கையிலிருந்தே தின்று பழகிய இளங்குட்டி சீக்கிரமே சட்டைப்பையைத் தேடும், பிறகு விரலைக் கவ்வும். பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் நகத்தால் அழுத்திச் சொறிந்துவிட்டுப் பார். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் அதுதான். சரியான இடம் அகப்பட்டால் மேலுதடு நீண்டு துடிக்கும், கழுத்து தாழும். தீனி கொடுக்கத்தான் வேண்டுமென்றால், உன் உடலிலிருந்து தள்ளி, அதன் தலை நேராக இருக்கும் இடத்தில் கையை நீட்டிக் கொடு. தலையைத் திருப்பி உன்னிடம் வந்து வாங்கும்படி விடாதே.

வாயை மெல்வதும் உதட்டை நக்குவதும் பாடம் புரிந்ததற்கான அடையாளம் என்று பலர் உனக்குச் சொல்லியிருப்பார்கள். இறுக்கம் தளரும்போதும் குதிரை அப்படிச் செய்யும் என்பதால் நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. சற்று முன்பு அது இறுகியிருந்ததா என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

இப்போது காலைத் தூக்கும் பழக்கத்துக்கு வருகிறேன். நீ கேட்காமல் அது தூக்கும்போது பார்க்காதே, பேசாதே, சிரிக்காதே, திட்டாதே. அதன் கால் எட்டாத இடத்துக்கு, தோளின் பக்கமாக நகர்ந்து நின்றுகொள். இனி பலன் இல்லை என்று புரிவதற்கு முன், அது சில நாள் முன்னைவிட அதிகமாகவும் பலமாகவும் பிறாண்டும். முன்பு பலனளித்த ஒன்று திடீரென்று பலனளிக்காதபோது எந்த உயிரும் அப்படித்தான் செய்யும். அந்த நாள்களில் ஒரே ஒரு முறை நீ இரங்கிவிட்டாலும், விடாமல் பிறாண்டினால் கிடைக்கும் என்பது உறுதியாகிவிடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கூடவே, நான்கு காலும் தரையில் ஊன்றி நிற்பதற்குப் பரிசு கொடு: முதலில் இரண்டு நொடி, பிறகு ஐந்து, பிறகு நீ முதுகைத் திருப்பி நிற்கும்போது. ஒரு கெட்டியான ரப்பர் விரிப்பைப் போட்டு, முன்னங்கால் இரண்டையும் அதன் மேல் வைத்து நிற்பதையே ஒரு வித்தையாக்கிவிடு. பார்ப்பவர்களுக்குச் சப்பென்று இருக்கும். லாடம் அடிப்பவர் உன்னை வாழ்த்துவார்.

வித்தை இல்லாமல் உனக்குச் சலித்துவிடும் என்று எனக்குத் தெரியும். நீட்டிய குச்சியின் நுனியில் கட்டிய பந்தை மூக்கால் தொடவை. அதைப் பழகிய குட்டியைப் பந்தை நகர்த்தியே பாலத்தின் மேலும் வண்டிக்குள்ளும் நடத்திவிடலாம். பிடரியில் கை வைத்தால் தலையைத் தாழ்த்தப் பழக்கு. கீழே விழுந்த துணியைக் கவ்வி எடுத்துத் தரப் பழக்கலாம், இந்த வயதில் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் ஆசை அதற்கு இருப்பதால். பின்னங்காலில் எழுந்து நிற்பதை மட்டும் ஒருநாளும் கற்றுக்கொடுக்காதே, யார் கேட்டாலும். வணங்குவதற்கு ஒரு காலைக் கட்டித் தூக்கி இறக்குகிற முறையைக் கண்டிருப்பாய். பயந்து விழுகிற குதிரைக்கு அது வணக்கமா விழுகையா என்று எப்படித் தெரியும்?

பயிற்சி ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிடும் லஞ்சிங்கை, இந்த வயதில் பெரிய வட்டத்தில், நடையிலும் மெல்லோட்டத்திலும் சில சுற்றுகளோடு நிறுத்திக்கொள். முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள வளர்ச்சித்தட்டு, அதாவது எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி, எலும்பாகி மூடுவதே இரண்டு, இரண்டரை வயதில்தான். முதுகெலும்பின் தட்டுகள் ஐந்து வயதைத் தாண்டியும் மூடிக்கொண்டிருக்கும். குட்டி உயரமாக வளர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். உயரம் முதலில் வரும், உறுதி மெதுவாகத்தான் வரும்.

குடையைக் கண்டு மிரள்கிறது என்ற கேள்விக்கும் அதே விதிதான். குடையை மடித்தபடி, அது காதை நிமிர்த்திப் பார்க்கிற, ஆனால் காலை நகர்த்தாத தூரத்தில் நில். அது மூச்சுவிட்டுத் தலையைத் தாழ்த்தும்போது நீ குடையோடு விலகிப் போ. அது பின்வாங்கும்போது நீ விலகினால், ஓடினால் குடை போய்விடும் என்று கற்றுக்கொள்ளும். முடிந்தால் குடையை அதற்கு முன்னால் எடுத்துக்கொண்டு நடந்து, அதைப் பின்தொடரவிடு. தன்னைவிட்டு விலகிப் போகும் பொருளைக் கண்டு குதிரைக்கு அவ்வளவாகப் பயம் வருவதில்லை.

அடுத்த காணொளியை எடுக்கும்போது கேமராவைப் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடிக்கச் சொல். உன் முகமும் குட்டியின் முகமும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உன் கையும் அதன் நான்கு குளம்புகளும் தெரிந்தால் போதும். வித்தை எதுவும் வேண்டாம். நீ தோழியோடு இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருக்க, அது உன் பக்கத்தில் சும்மா நிற்பதைப் படம்பிடித்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா