நான்கு பேருக்கு வாடகை வீடு தேவை

வணக்கம். மனநலக் காப்பகத்தில் பல வருடம் இருந்து தேறிய நான்கு பெண்கள் சேர்ந்து குடியிருக்க வீடு தேடுகிறோம். தரைத்தளமாக, பக்கத்திலேயே மளிகைக்கடை இருந்தால் நல்லது. அவர்களில் ஒரு அக்கா கேட்டது தனிச் சமையலறை மட்டும்தான். நினைத்த நேரத்தில் காபி போட்டுக் குடிக்க வேண்டுமாம்.

வீட்டுக்காரர் தயங்கினால் பொறுமையாகப் பேசுங்கள். சென்னையில் ‘தி பான்யன்’ அமைப்பு 2015 முதல் இப்படித்தான் நாலைந்து பேரைச் சாதாரணத் தெருக்களில் குடியமர்த்துகிறது, உதவிக்குப் பணியாளரும் உண்டு. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரைக் காப்பகத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. இது நாம் காட்டும் இரக்கம் அல்ல, அவர்களுடைய உரிமை.

வீடு தெரிந்தால் ஞாயிறுக்குள் இங்கேயே சொல்லுங்கள். பாத்திரம், மிக்சியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.