ஞாயிறு ஆட்டத்துக்கு முன்: பூதங்களின் பெருக்கம்

நண்பர்களே, ஞாயிறு பின்னேரம் 3 மணிக்கு வழமைபோல் நம் பகடைக் கதை விளையாட்டுக்காகக் கல்லடியில் கூடுகிறோம். இனி நம் விளையாட்டின் கற்பனை உலகில் பூதங்கள் வெட்ட வெட்ட முளைக்காது; நிஜ விலங்குகளைப் போலவே பெருகும்.

மட்டக்களப்பு வாவியைப் பாருங்கள். முதலை ஒரே தடவையில் 20, 30 முட்டைகள் இடும். உடும்பும் கொக்கும் தின்றது போக மிகச் சில குஞ்சுகளே வளரும். யானைக்கோ ஏறத்தாழ 22 மாதக் கர்ப்பம், பெரும்பாலும் ஒரே கன்று. உணவுச் சங்கிலியில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே அடுத்த படிக்குப் போகும். ஆகவே ஒரு டிராகன் வாழப் பெருங்காடே வேண்டும். சென்ற கிழமை ஆட்டத்தில் நீங்கள் டிராகனைக் கொன்றீர்கள். அது தின்றுவந்த சதுப்புப் பூதங்கள் பெருகி வயலுக்குள் இறங்கிவிட்டன! இந்தத் திருப்பத்தை எழுதும்போது எனக்கே மனம் துள்ளியது.

ஆளுக்கொரு பூத இனத்தின் இரை, எதிரி, குட்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வெள்ளிக்குள் அனுப்புங்கள். பகடைகளையும் கொண்டுவாருங்கள்.