டைனமோவுக்கும் லித்தியத்துக்கும் நடுவில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதிலிருந்து வயலை விட்டு நகர முடியவில்லை, இன்று தூறல் என்பதால் உட்கார்ந்தேன். தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. கரூரில் பாடி கட்டி முடித்து வண்டி வீட்டுக்கே வந்துவிட்டது, கட்டில், அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் வைத்தாயிற்று, முதல் பயணம் வால்பாறைக்கு என்பதெல்லாம் சரி. ஒயரிங் செய்கிறவர் சொன்னதாக எழுதியிருந்தாயே, இன்ஜின் பேட்டரியிலிருந்து தடி ஒயர் இழுத்து ஒரு ரிலே (தானே இணைத்துத் துண்டிக்கிற சுவிட்ச்) போட்டால், வண்டிக்குள் பேன், பிரிட்ஜ் ஓட்டுகிற லித்தியம் பேட்டரி, அதாவது வீட்டு பேட்டரி, தானாக சார்ஜ் ஏறிக்கொள்ளும் என்று, அந்த வேலையை மட்டும் இதைப் படித்து முடிக்கும் வரை நிறுத்தி வை.

என் வண்டியிலும் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள். போன வருஷம் பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது மேலே ஒரு வளைவில் லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட்டது, முன்னாலும் பின்னாலும் வண்டிகள். முதல் நாள் இரவு பிரிட்ஜும் பேனும் ஓடி வீட்டு பேட்டரி காலியாக இருந்ததால், நிற்கிற நேரத்தில் சார்ஜ் ஏறட்டும் என்று இன்ஜினை அணைக்காமல் விட்டேன். முக்கால் மணி நேரத்தில் வார்னிஷ் கருகுகிற வாசம் வந்தது, டேஷ்போர்டில் பேட்டரி லைட் எரிந்தது. ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் சுற்றிவிட்டுக் கரண்ட் தருகிற டைனமோ, அதன் காயில் வெந்துபோயிருந்தது. காட்டுக்குள், அம்மாவை வைத்துக்கொண்டு, எப்படித் தவித்திருப்பேன் என்று நினைத்துப் பார்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து காரணம் தேடினேன். பழைய ஈயப் பேட்டரி நிரம்ப நிரம்பத் தானே குறைத்து வாங்கும், அதனால் அந்தக் காலத்து ரிலே முறை ஓரளவு ஒத்துப்போனது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு உள்தடை ரொம்பக் குறைவு, கிட்டத்தட்ட நிரம்பும் வரை கொடுப்பதையெல்லாம் இழுக்கும். ஆல்டர்னேட்டர் மேல் 90 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது நல்ல வேகத்தில் சுற்றும்போது தரும் உச்சம், நாள் முழுக்க அப்படியே தரும் என்று அர்த்தமில்லை. ஐடிலில் அதனுடைய பேன் மெதுவாகச் சுற்றும், காற்று போதாது, லித்தியமோ விடாமல் இழுக்கும். காய்ந்த காட்டுக்கு மதகே இல்லாமல் வாய்க்காலைத் திறந்துவிட்ட மாதிரி.

அந்த மதகுதான் டிசி-டிசி சார்ஜர். இன்ஜின் பக்கத்திலிருந்து இவ்வளவுதான் எடுப்பேன் என்று கட்டுப்படுத்திக்கொண்டு, லித்தியத்துக்கு வேண்டிய 14.2 முதல் 14.6 வோல்ட்டைச் சீராகக் கொடுக்கும். ஆல்டர்னேட்டர் அளவில் பாதிக்கு மேல் போகாதே, உன் வண்டிக்கு 30 ஆம்பியர் தாராளம். இன்னொரு நன்மையும் உண்டு. லித்தியத்துக்குள் இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைப் பாதுகாக்கிற சர்க்யூட்) ஏதாவது காரணத்தால் திடீரென்று கட் செய்தால், நேரடி இணைப்பில் வோல்டேஜ் ஒரு நொடி எகிறும். இன்ஜின் பேட்டரி நல்லதாக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம், நைந்துபோனதாக இருந்தால் ஆல்டர்னேட்டர் டையோடு போய்விடும். நடுவில் சார்ஜர் இருந்தால் அந்த அடி அந்தப் பக்கம் போகாது.

சார்ஜர் சாவி போட்டு இன்ஜின் ஓடும்போது மட்டும் வேலை செய்கிற மாதிரி சிக்னல் ஒயர் கொடுக்கச் சொல். உன்னுடையது பிஎஸ்6 வண்டி. புது வண்டிகள் சிலவற்றில் பெட்ரோல், டீசல் மிச்சம் பிடிக்க ஓட்டத்திலேயே வோல்டேஜை 12.5 பக்கம் இறக்கிவிடும், வெறும் வோல்டேஜைப் பார்த்து வேலை செய்யும் ரிலே அப்போது இன்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

ஒயர் விஷயத்தில் காசு பார்க்காதே. 30 ஆம்பியர் சார்ஜர் உள்ளே 40 வரைகூட வாங்கும். 5 மீட்டர் தூரத்துக்கு 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் போக வர 1.2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும், 16 போட்டால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். பியூஸ் இரண்டு பக்கமும் வேண்டும், இதை மட்டும் நீயே நேரில் நின்று பார். ஒயருக்கு இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது, நடுவில் சேஸில் உரசி இன்சுலேஷன் போனால் இரண்டு பேட்டரியுமே அதற்குள் கரண்டைத் தள்ளும். அதனால் ஒவ்வொரு பேட்டரிக்கும் பக்கத்திலேயே, சார்ஜர் கையேட்டில் சொன்ன அளவில் ஒரு பியூஸ். லித்தியம் பக்கத்தில் கிளாஸ் டி (Class T) வகை பியூஸ் கிடைத்தால் வாங்கு, ஷார்ட் ஆனால் லித்தியம் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் தள்ளும். தகடு துளைக்கிற இடத்தில் ரப்பர் கிரோமெட் (ஒயர் உரசாமல் காக்கிற வளையம்) போட வேண்டும், ஒயர் முனையில் மாட்டுகிற லக்கைச் சரியான கருவியால் நசுக்க வேண்டும், கட்டிங் பிளேயரால் இல்லை. சார்ஜரை இன்ஜின் அறைக்குள் வைக்க விடாதே, வீட்டு பேட்டரிக்குப் பக்கத்தில் காற்றோட்டமாக இருக்கட்டும்.

போதுமான அளவு ஏறுமா என்று கேட்டிருந்தாய். பொள்ளாச்சியிலிருந்து ஆழியார் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போக இரண்டு மணி நேரம் என்றால் 30 ஆம்பியர் வீதம் 60 ஆம்பியர்-ஹவர் (Ah) ஏறிவிடும். 28 வாட் பேன் 8 மணி நேரம் ஓடினால் அதில் 19 கூட செலவாகாது, மிச்சத்தில் பிரிட்ஜ் நிம்மதியாக ஓடும். அதனால் நின்ற இடத்தில் இன்ஜினை ஓட்டி ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

வேலை முடிந்ததும் வால்பாறைக்கு முன்னால் ஒரு நாள் கோபிக்கு ஓட்டிக்கொண்டு வா. என்னிடம் டிசி கிளாம்ப் மீட்டர் இருக்கிறது, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஆல்டர்னேட்டர் சூட்டையும் ஆம்பியரையும் சேர்ந்தே பார்ப்போம். தங்கச்சியையும் கூட்டி வா, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
உன் மச்சான்