சரசுவுக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். ஆழியாற்றுத் தண்ணீர் இந்தத் தடவை நேரத்துக்கு வந்துவிட்டதால் தென்னைக்குக் கவலையில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் டிரஸ்ட் பொள்ளாச்சியில் தத்தெடுப்பு நிறுவனமாக அங்கீகாரம் கேட்கப் போகிறது. "பச்சைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அன்பு இருந்தால் போதாதா, எம்.எஸ்.டபிள்யூ எதற்கு, நர்ஸ் எதற்கு?" என்று எழுதியிருந்தாய். எம்.எஸ்.டபிள்யூ என்பது சமூகப் பணியில் முதுகலைப் படிப்பு. இப்படிப்பட்ட இல்லத்தில் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், கட்டாயம் வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பாட்டிலை உறிஞ்சத் தெம்பு இருக்காது. மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும், விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. புரையேறினால் உதடு நீலமாகும் முன்பே கை செயல்பட வேண்டும். அந்தக் கை பழகிய கையாக இருக்க வேண்டும், சரசு.

அரசு உதவி பெறும் பத்துக் குழந்தை இல்லத்துக்கு ஒரு மேலாளர், ஒரு சமூகப் பணியாளர், ஒரு நர்ஸ், பகுதிநேர டாக்டர், 6 ஆயாக்கள், ஒரு காவலாளி என்று கணக்கு. ஆறு ஆயா நிறைய என்று தோன்றும். மூன்று ஷிஃப்டாகப் பிரித்தால் ஒரு நேரத்துக்கு இரண்டு பேர்தான். ஒருத்தி லீவு போட்டால் ராத்திரி முழுக்கப் பத்துப் பிள்ளையும் மற்றவள் தலையில்.

ஆனால் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டியது சமூகப் பணியாளரைப் பற்றி. தத்தெடுக்க விண்ணப்பித்தவர்களின் வீட்டுக்குப் போய் ஹோம் ஸ்டடி எழுதுவது அவர்தான். 2022 தத்தெடுப்பு விதிமுறைப்படி அந்த அறிக்கை மூன்று வருஷம் செல்லும். ஒரு பிள்ளை எந்த வீட்டில் வளரும் என்பதற்கு அந்த அறிக்கைதான் பெரிய ஆதாரம்.

இங்கே கேரளப் பக்கம், பக்கத்து ஊரில் தமிழ் பேசும் ஒரு தம்பதி. சம்பளம், வீடு, மருத்துவச் சான்று எல்லாம் சரியாக இருந்தது. ஹோம் ஸ்டடிக்கு முதலில் வந்த பெண்ணுக்குத் தமிழ் பேச வராது. கணவர் ஆபீஸ் மலையாளத்தில் பதில் சொன்னார், அந்தப் பெண்ணும் எழுதிக்கொண்டு போனார். அப்புறம் வந்தவர் தமிழ் தெரிந்தவர். காபி டம்ளரோடு அடுப்படிக்கே போய் மாமியாரிடம் பேச்சுக் கொடுத்தார். மருமகளைக் கொஞ்ச நாள் வெளியூரில் வைத்துவிட்டு, 'பிரசவம் ஆச்சு' என்று ஊருக்குச் சொல்லப் போகிறார்கள் என்று அந்த அம்மாளே சொல்லிவிட்டார். அந்தப் பணியாளர் கோபப்படவில்லை, விண்ணப்பத்தையும் தள்ளவில்லை. பிள்ளைக்கு உண்மையை எப்போது, எப்படிச் சொல்வது என்று அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பல தடவை பேசினார். இது வெறும் அன்பால் வராது. படிப்பும் வேண்டும், அந்த வீட்டார் பேசும் பாஷையும் வேண்டும். எல்லை ஊர்களில் மொழியையும் ஒரு தகுதியாகவே வைக்க வேண்டும் என்பேன்.

பெற்றவளையும் நினைத்துப் பார். குழந்தைகள் நலக் குழு முன்பு ஒப்படைத்த பிறகும் மனம் மாறிக்கொள்ள அவளுக்குச் சட்டம் இரண்டு மாதம் தருகிறது. அந்த இரண்டு மாதமும் அவளோடு பேசுகிறவள் "நல்ல இடத்துக்குத்தானே போகுது, விட்டுடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த உரிமையே போச்சு.

இந்தக் கெடுபிடி சும்மா வந்ததில்லை. பிள்ளைகளை வெளிநாட்டுக்குத் தத்து கொடுப்பதில் நடந்த முறைகேடுகளைப் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. 1984இல் வந்த அந்தத் தீர்ப்பிலிருந்துதான் இங்கே ஒழுங்குமுறை வளர்ந்தது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதைப் பற்றிய 1993 ஹேக் ஒப்பந்தமும் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளில் ஒழுக்கத்தாலும் பயிற்சியாலோ அனுபவத்தாலோ தகுதி பெற்றவர்களே இருக்க வேண்டும் என்கிறது. நம் நாடு 2003இல் அதை ஏற்றுக்கொண்டது.

எனக்குள்ள வருத்தம் வேறு. தகுதி கேட்கிற அளவுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. நான் இருந்த இடத்தில் எம்.எஸ்.டபிள்யூ முடித்து வந்த பிள்ளைகள் வேலை பழகியதும் போய்விடுவார்கள். சான்றிதழ் ஃபைலில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அரசு தரப்பில் ஆய்வுக்கு வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வருகிறவர்கள் ஃபைலை மட்டும் பார்த்தால் என்ன தெரியும்?

அதனால் விண்ணப்பம் போடும் முன்பே சமூகப் பணியாளருக்கும் ஆயாக்களுக்கும் மூன்று வருஷச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறதா என்று டிரஸ்ட்டில் கேள். இல்லையென்றால் கட்டடத்துக்கு ஒதுக்கியதிலிருந்து எடுக்கச் சொல். ஆயாக்களுக்குப் பாலாடையில் ஊட்டப் பழக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், மீனாட்சிபுரம் வழியாக வந்தால் எவ்வளவு தூரம்?

அன்புடன்,
பாக்கியம்