டர்ன்டேபிள் கன்ட்ரோலரில் கிராஸ்ஃபேடர் பழுது: மாற்றித் தரக் கோரி இறுதிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பாட்டுகளைக் கலந்து ஆடும் உங்கள் டிஜே கேமோடு ஒரே பெட்டியில் வந்த, சுழலும் இசைத்தட்டு வடிவிலான டர்ன்டேபிள் கன்ட்ரோலர் குறித்து எத்தனையாவது முறையாக எழுதுகிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புகார் எண் வருகிறது. பழையது ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்படுகிறது. யார் தீர்த்தார்கள், என்னத்தைத் தீர்த்தார்கள் என்று சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.

பழுது கிராஸ்ஃபேடரில், அதாவது ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற இடமும் வலமுமாகத் தள்ளும் அந்தப் பிடியில். நடுவில் வைத்தால் இரண்டு பாட்டும் கலந்து கேட்க வேண்டும் அல்லவா? எனக்கு வந்த கன்ட்ரோலரில் நடுவில் வைத்தாலும் இடது ஓரத்தில் இருப்பதாகவே கேம் எடுத்துக்கொள்கிறது. நடுக்குழியில் ‘டக்’கென்று உட்காருவது விரலுக்குத் தெரிகிறது, ஆனால் வலதுபக்கப் பாட்டு அறுந்துபோகிறது. தவறாமல் தொடர்ந்து அடித்துச் சேர்த்த காம்போ போச்சு, நான்கு மடங்கு புள்ளி ஒரு மடங்குக்கு இறங்குகிறது, பாட்டைப் பின்னால் சுற்றி மறுபடி ஆட விடும் ரீவைண்டும் கிடைப்பதில்லை. கஷ்டமான மிக்ஸ் ஒன்றைக்கூட என்னால் முழுதாக முடிக்க முடியவில்லை. இந்தக் கேமுக்காகச் செலவழித்த மாலைகள் எல்லாமே தண்டம்.

உங்கள் ஆட்கள் சொன்ன முதல் வைத்தியம், டிவியில் தாமதம், அதற்கேற்ப கேமின் நேரத்தைச் சரிசெய்ய கேலிபரேட் செய்யுங்கள் என்பது. சரி என்று செய்தேன். டிவியை கேம் மோடில் வைத்தேன், சவுண்ட்பாரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், கேமுக்குள் இருக்கும் கேலிபரேஷனையும் திரும்பத் திரும்பச் செய்தேன். ஆனால் கேமைத் தயாரித்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? டிவி தாமதம் என்றால் எல்லாமே பிந்தும். நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் மிக்ஸில் ஒரு பீட்டுக்கு அரை வினாடி, அதை நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 125 மில்லிவினாடி. தாமதம் இருந்தால் அங்கே பட்டன் தட்டுவதும், தட்டை முன்னும் பின்னும் அசைக்கும் ஸ்கிராட்ச்சும்தான் முதலில் சொதப்பும். அவை இரண்டும் எனக்குச் சுத்தமாக விழுகின்றன. ஃபேடர் மட்டும், அதுவும் நடுவில் மட்டும் தவறுகிறது. பாட்டே ஓடாத பயிற்சித் திரையில் சும்மா நடுவில் வைத்தாலும் இடது என்றே காட்டுகிறது. இதில் தாமதம் எங்கிருந்து வந்தது?

அப்புறம் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். கேமை அழித்து மறுபடி ஏற்றச் சொன்னார்கள், அதில் சேமித்து வைத்திருந்த ஸ்கோர் எல்லாம் போனது. இன்னொருவருடைய கன்சோலில் மாட்டிப் பார்த்தும் அதே கோளாறுதான். அந்த வீடியோவையும் அனுப்பினேன். பதிலாக வந்தது, பேட்டரி மாற்றுவது எப்படி என்ற இணைப்பு.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது உங்கள் உதவி எண்ணில் பேசிய அந்த ஆள் சொன்னதுதான். நான் பழுதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து, “சார், உங்களுக்குத் தாளம் பிடிபடல போல. ஈஸி லெவல்ல ஆடிப் பாருங்க” என்றார். பின்னால் யாரோ சிரித்தது காதில் விழுந்தது. மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றதும் லைன் துண்டானது. அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று ஆரம்பத்தில் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவைத் தயவுசெய்து நீங்களே கேட்டுப் பாருங்கள்.

சர்வீஸ் சென்டர் கதையை விட்டுவிட்டேன். இது அந்த அழைப்புக்கு முன்பே நடந்தது. பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பாதி நாள் காத்திருந்தேன். அங்கே கேமே இல்லை! பட்டனை அமுக்கி, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, ‘பழுது இல்லை’ என்று சீட்டு எழுதித் தந்தார்கள். விளக்கைப் பற்றி யார் புகார் செய்தது? பிறகு மின்னஞ்சலில், பழுது இருந்தாலும் அது பயன்பாட்டுத் தேய்மானம், உத்தரவாதத்தில் வராது என்றார்கள். பழுதே இல்லையா, இல்லை தேய்ந்துவிட்டதா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். ஃபேடர் என்றால் தள்ளத்தானே செய்வார்கள்? 1997-இல் கொனாமி நிறுவனத்தின் பீட்மேனியா என்ற டிஜே கேம், காசு போட்டு ஆடும் ஆர்க்கேடுக்கு வந்தபோதே ஐந்து கீகளும் ஒரு டர்ன்டேபிளும் இருந்தன, வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைப் போட்டு அடித்தார்கள். நான் ஒருவன் வீட்டில் ஆடியதற்குத் தேய்மானமாம்.

நிஜ டிஜேக்கள் பாட்டுகளைக் கலக்கும் மிக்ஸர் கருவிகளிலும் கிராஸ்ஃபேடர் தேயும், நான் மறுக்கவில்லை. அதனால்தான் பல மிக்ஸர்களில் அதைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி வைத்திருக்கிறார்கள். உங்களிடம் உதிரி ஃபேடர் கேட்டால், அப்படி ஒன்றை விற்பதில்லை என்கிறீர்கள். சரி, அப்படியானால் முழு கன்ட்ரோலரையும் மாற்றித் தாருங்கள். முடியாவிட்டால் கேமையும் சேர்த்து எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள், கன்ட்ரோலர் இல்லாமல் அந்தக் கேமை வைத்து நான் என்ன செய்ய?

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. கேம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு தூரம் அலைந்தேன். ஆனால் 15 நாட்களுக்குள் தெளிவான பதில் வராவிட்டால் பில், சர்வீஸ் சீட்டு, வீடியோ, நீங்கள் மூடிய புகார் எண்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் அங்கே சேர்த்துக் கேட்பேன்.

பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புங்கள். போனில் அழைக்க வேண்டாம், முக்கியமாக அந்த ஆளை வைத்து அழைக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், சர்வீஸ் சென்டர் சீட்டு, வீடியோ (மறுபடியும்)