வளைவில் எத்தனை மீட்டர் தெரிகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

முந்தலில் இருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் எங்காவது வண்டி மோதினால், உடனே 'ஒலி எழுப்பவும்' பலகையும் குவியாடியும் வைக்கச் சொல்கிறோம். நில அளவராகச் சங்கிலியும், கோணம் அளக்கும் தியோடலைட்டும் தூக்கி அலைந்த எனக்கு, முதலில் அந்த வளைவில் ஓட்டுநருக்கு எத்தனை மீட்டர் தெரிகிறது என்று அளந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

சாலை அமைப்புக்கு அளவுகள் வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி பார்த்து நிற்க 20 மீட்டர் வேண்டும், 40 கி.மீ. என்றால் 45 மீட்டர். ஓட்டுநரின் கண் 1.2 மீட்டர் உயரத்தில், ரோட்டில் கிடக்கும் பொருள் 15 செ.மீ. உயரத்தில் என்று கணக்கு. வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் வரும். உள்வளைவில் மண்டிய உண்ணிச்செடியும் ஓரங்கட்டிய லாரியும் வரைபடத்தில் ஏது?

லேசர் ஸ்கேனரை முக்காலியில் நிறுத்தினால், சுற்றிலும் ஒளியை வீசி, பட்டுத் திரும்புவதை வைத்துப் பாறை, கைப்பிடிச்சுவர், செடி எல்லாவற்றையும் லட்சக்கணக்கான புள்ளிகளாகப் பதிந்துவிடும். அப்புறம் கம்ப்யூட்டரில் வேண்டிய இடத்தில் ஒரு கண்ணை வைத்து, எது தெரிகிறது, எது மறைகிறது என்று பார்க்கலாம். பஸ் ஓட்டுபவர், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர், பைக்கில் வருபவர், ஆளுக்கு ஆள் விடை மாறும். செடிக்குரிய புள்ளிகளை மட்டும் நீக்கி, வெட்டினால் பார்வை எவ்வளவு கூடும் என்றும் பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்ததே இதுதான். பாறை உடைக்க டெண்டர் விடுமுன், அரிவாளே போதுமா என்று தெரிந்துவிடுமே!

இதிலும் ஏமாற இடம் உண்டு. இலை இடுக்கில் ஒளி புகுந்து போனால், அங்கே பார்வை திறந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் சொல்லும். ஓட்டுகிறவருக்கு அது புதர்தான். மேகம் இறங்கும் நாளில் எடுத்த அளவையும் நம்ப முடியாது. கோடையில் ஒரு தடவை, மழை ஓய்ந்து புதர் தழைத்ததும் ஒரு தடவை என இரண்டு முறை எடுக்க வேண்டும்.

மெட்டைத் தாண்டினால் கேரளம். ஆனாலும் அதே கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலைதான். இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்து அளந்து, எந்தெந்த வளைவில் பார்வைத் தூரம் போதவில்லை என்ற பட்டியலை வெளியிட வேண்டும். வேக வரம்புப் பலகையை அதற்கப்புறம் எழுதட்டும்.

– ஓய்வு பெற்ற நில அளவர், போடிநாயக்கனூர்